பிழை தேடிய பெருமாட்டி

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவி)

ஓடுவதே இயந்திரத்துக்கு அழகு என்று நாம் நினைக்கிறோம். நான் விசைத்தறி ஓட்டும் தொழிலாளி ஒருவரின் மகள். தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். ஓட்டத் தெரிவதைக் காட்டிலும் நிறுத்தத் தெரிவதுதான் தொழில் என்பதைச் சிறு வயதிலேயே கண்டிருக்கிறேன். பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பா தறியை நிறுத்துவார். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார். நிறுத்தச் சோம்பல்பட்டால் துணியில் நெடுகக் கோடு விழும். அந்தப் பழுது வாரக் கூலியில் கழியும்.

கணிப்பொறியின் கதையும் ஏறக்குறைய இதுதான் என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். நாம் எழுதும் நிரல் தவறான விடையைத் தரும்போது, அதை நாம் விரும்பும் வரியில் நிறுத்தி, அந்த நொடியில் உள்ளே எந்த எண் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அப்படி நிறுத்தும் இடத்துக்குப் பெயர் பிரேக்பாயிண்ட். அதற்கு உதவும் கருவிக்குப் பெயர் டீபக்கர். செய்முறை வகுப்பில் இதைக் காட்டிய எங்கள் துறை ஆசிரியை, இந்த ஏற்பாட்டையும் இந்தச் சொல்லையும் உலகுக்குத் தந்தவர் ஒரு பெண்மணி என்று போகிற போக்கில் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் என்னைப் பற்றிக்கொண்டது. அவர் யார் என்று தேடிப் படித்தேன். படித்ததை என் போன்ற மாணவ மாணவியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அவர் பெயர் பெட்டி ஹோல்பர்ட்டன். திருமணத்துக்கு முன் பெட்டி ஸ்னைடர். முழுப்பெயர் பிரான்சிஸ் எலிசபெத் ஸ்னைடர். 1917ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், எட்டுக் குழந்தைகள் கொண்ட பெரிய குடும்பத்தில் மூன்றாமவராகப் பிறந்தார். இளமையிலிருந்தே கணிதத்தில் விருப்பம் கொண்டவர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலவே சேர்ந்தார்.

ஆனால் முதல் நாள் வகுப்பிலேயே அவர் தலையில் ஓர் இடி விழுந்தது. கணிதப் பேராசிரியர் அவரைப் பார்த்து, வீட்டில் இருந்து பிள்ளை வளர்ப்பதல்லவா உனக்கு ஏற்றது என்னும் பொருள்படக் கேட்டுவிட்டார். பெட்டி மனம் நொந்தார்; கணிதத்தை விட்டு விலகினார். இதழியல் பயின்றால் ஊர் ஊராகச் சென்று உலகைக் காணலாம் என்று எண்ணி, அத்துறையில் பட்டம் பெற்றார். ஆசிரியர் ஒருவரின் ஒரு சொல் ஒரு மாணவியின் திசையையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூடிய கதவை வேறொரு காலம் வந்து திறந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட, கணக்குப் போடத் தெரிந்த பெண்களைத் தேட வேண்டிய நிலை அமெரிக்க இராணுவத்துக்கு ஏற்பட்டது. பீரங்கியை எந்தக் கோணத்தில் உயர்த்தினால் குண்டு எவ்வளவு தொலைவில் விழும் என்பதைக் காட்டும் அட்டவணை ஒவ்வொரு பீரங்கிக்கும் தேவை. காற்று, குண்டின் எடை, வெப்பநிலை என்று எத்தனையோ செய்திகளைக் கணக்கில் கொண்டு, ஆயிரக்கணக்கான பாதைகளை ஒவ்வொன்றாகக் கணிக்க வேண்டும். மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு குண்டின் பாதையைக் கணிக்க 20 மணி முதல் 40 மணி நேரம் வரை ஆகும். இப்பணிக்காகப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியல் பள்ளியில் பெண்கள் பலர் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட பதவியின் பெயர் என்ன தெரியுமா? கம்ப்யூட்டர்! அந்நாளில் அச்சொல் பொறியைக் குறிக்கவில்லை. கணக்கிடும் மனிதரைக் குறித்தது. கணிதம் உனக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பெட்டி, அதே பல்கலைக்கழகத்துக்குக் கணக்குப் போடும் பணியாளராகத் திரும்பி வந்தார்.

அதே கட்டடத்தில், அடைத்த கதவுக்குப் பின்னால், ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கர்ட் ஆகிய இருவரின் தலைமையில் ஒரு பெரும் பொறி உருவாகிக்கொண்டிருந்தது. அதன் பெயர் எனியாக். எடை 30 டன். 40 பெட்டகங்கள் சுவரோரமாக வளைந்து நிற்கும். நம் பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டியில் ஐந்தாறு வால்வுகள் எரிவதைப் பெரியோர் கண்டிருப்பர். எனியாக்கிலோ ஏறத்தாழ 18,000 வால்வுகள் எரிந்தன. ஒரு நொடியில் 5,000 கூட்டல்களைச் செய்ய வல்லது அது.

பொறியைக் கட்டிவிட்டார்கள். அதனிடம் கணக்கை எப்படிச் சொல்வது? அதற்காக 1945இல் ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பெட்டி ஸ்னைடர், ஜீன் ஜென்னிங்ஸ், கே மெக்நல்ட்டி, மார்லின் வெஸ்காஃப், ரூத் லிக்டர்மன், ஃபிரான் பைலஸ் என்பது அவ்வறுவர் பெயர். மேரிலாந்து மாநிலத்து அபர்டீன் இராணுவத் தளத்தில் துளை அட்டை இயந்திரங்களில் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். எனியாக் இராணுவ இரகசியம். எனவே அது இருந்த அறைக்குள் நுழையத் தொடக்கத்தில் அவர்களுக்கு அனுமதி இல்லை. பாடநூல் கிடையாது, ஆசிரியர் கிடையாது, நிரல் மொழி என்ற ஒன்றே அப்போது கிடையாது. பொறியின் மின்சுற்று வரைபடங்களைக் கொடுத்து, இதைக் கொண்டே பொறியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டனர். வரைபடங்களைப் பரப்பி வைத்து, ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டு, பொறியைக் காணாமலே பொறியைக் கற்றார்கள்.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, முதலாமாண்டில் ஆங்கிலப் பாடநூலின் முதல் பக்கத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்தவள் நான். இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொற்களில் கூற இயலவில்லை.

எனியாக்குக்கு நிரல் எழுதுவதென்றால் தாளில் எழுதுவதோடு முடிவதில்லை. ஒரு பெட்டகத்திலிருந்து இன்னொரு பெட்டகத்துக்குக் கம்பி வடங்களை மாட்ட வேண்டும்; நூற்றுக்கணக்கான சுவிட்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். முதல் பெட்டகம் தன் கூட்டலை முடித்ததும் ஒரு மின்துடிப்பை வடத்தின் வழியே அனுப்பும். அத்துடிப்பு வந்து சேர்ந்ததும் அடுத்த பெட்டகம் தன் வேலையைத் தொடங்கும். ஆக, கணக்கின் அடுத்தடுத்த படிகளை இணைத்தவை அந்த வடங்களே.

விடை தவறாக வந்தால் என்ன செய்வது? பிழை எங்கே இருக்கிறது? எரிந்துபோன வால்வு ஒன்றிலா? தவறான துளையில் செருகிய வடத்திலா? அல்லது நிரலை வகுத்தவரின் சிந்தனையிலா? பொறியோ நொடிக்கு 5,000 கூட்டல் வேகத்தில் ஓடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தவறு நடந்து முடிந்துவிடுகிறது. பெட்டி கண்ட வழி மிக எளியது. ஐயத்துக்குரிய இடத்தில், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும் வடத்தைப் பிடுங்கிவிட வேண்டும். துடிப்பு அதற்கு மேல் செல்லாது. கணக்கு அந்த இடத்திலேயே நின்றுவிடும். எனியாக்கில் எண்களைத் தேக்கி வைக்க 20 பெட்டகங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் சிறு நியான் விளக்குகள் எரிந்து உள்ளே இருக்கும் எண்ணைக் காட்டும். நின்ற நிலையில் அவ்விளக்குகளைப் படிக்கலாம். கையால் கணித்து வைத்த விடையோடு ஒப்பிடலாம். ஒத்திருந்தால் பிழை அதற்குப் பின்னால் இருக்கிறது. மாறுபட்டால் முன்னால் இருக்கிறது. வடத்தை முறித்து நிறுத்திய அந்த இடமே ‘முறிவிடம்’ என்ற பொருளில் பிரேக்பாயிண்ட் ஆயிற்று. இன்று உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் நாள்தோறும் உச்சரிக்கும் அச்சொல்லின் வேர், ஒரு பெண் பிடுங்கிய கம்பி வடத்தில் இருக்கிறது!

1946 பிப்ரவரி 15 அன்று எனியாக்கைப் பெரியோர் முன்னிலையில் ஓட்டிக் காட்ட ஏற்பாடாகியது. குண்டின் பாதையைக் கணிக்கும் நிரலை ஆயத்தம் செய்யும் பொறுப்பு பெட்டியிடமும் ஜீன் ஜென்னிங்ஸிடமும் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வார காலமே இருந்தது. இருவரும் இரவு பகல் பாராது உழைத்தனர். எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. குண்டு தரையைத் தொட்டதும் கணக்கு நிற்க வேண்டும், அது நிற்கவில்லை. கணக்கின்படி குண்டு பூமியைத் துளைத்துக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருந்தது! விழாவுக்கு முந்திய இரவு வரை தேடியும் பிழை அகப்படவில்லை. சோர்ந்துபோன பெட்டி, இரயிலேறி வீட்டுக்குச் சென்று படுத்தார்.

தூக்கத்திலும் அவர் உள்ளம் அந்தப் பிழையை விடவில்லை. நள்ளிரவில் விழித்தபோது விடை அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அதிகாலை வந்தார். கணக்கின் சுற்றுகளை ஆளும் பெட்டகத்தின் முன் நின்றார். அத்தனை சுவிட்சுகளில் ஒரே ஒரு சுவிட்சை ஒரே ஓர் இடம் நகர்த்தி வைத்தார். பிழை தீர்ந்தது. விழாவில், பறந்து விழ 30 நொடி எடுக்கும் குண்டின் பாதையை எனியாக் 20 நொடியில் கணித்து முடித்தது. குண்டு போய்ச் சேர்வதற்குள் அது எங்கே விழும் என்பதைச் சொல்லிவிட்டது! மேசைப் பந்துகளைப் பாதியாக வெட்டி, எண்களை எழுதி, நியான் விளக்குகளின் மேல் பொருத்தியிருந்தார்கள். ஒளி ஓடி விளையாடிய அக்காட்சி வந்திருந்தோரை வியப்பில் ஆழ்த்தியது.

அன்றிரவு பெரிய விருந்து நடந்தது. பொறியைக் கட்டியவர்களும் இராணுவ அதிகாரிகளும் அழைக்கப்பட்டார்கள். அந்த நிரலை எழுதிய பெண்களுக்கு அழைப்பு இல்லை. மாசிக் குளிரைப் போலப் பல மடங்கு கடுமையான பிலடெல்பியாக் குளிரில், பெட்டியும் ஜீனும் தங்கள் தங்கள் இருப்பிடத்துக்குத் திரும்பினார்கள். செய்தித்தாள்கள் பொறியைப் புகழ்ந்தன. அப்பெண்களின் பெயரைச் சொல்லவில்லை.

இங்கே வாசகர்கள் ஒரு வினா எழுப்பலாம். இன்றைய கணிப்பொறியில் பிடுங்குவதற்கு வடம் ஏது? நிரல் முழுவதும் நினைவகத்தில் எண்களாக அல்லவா இருக்கிறது? அப்படியானால் எதைப் பிடுங்கி நிறுத்துவது?

இதே வினா எனக்கும் எழுந்தது. பிறர் செய்த டீபக்கரைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், நாமே சிறிதாக ஒன்று செய்து பார்த்தால்தான் விளங்கும் என்று தோன்றியது. எங்கள் ஆசிரியையின் அனுமதி பெற்று, மாலை வேளைகளில் ஆய்வகத்தில் லினக்ஸ் ஓடும் கணிப்பொறி ஒன்றில் சி மொழியில் முயன்றேன். ஒரு நிரல் மற்றொரு நிரலை நிறுத்தவும், அதன் நினைவகத்தைப் படிக்கவும் மாற்றவும் லினக்ஸில் பீட்ரேஸ் என்ற வசதி இருக்கிறது. அதைக் கொண்டு செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

நிறுத்த விரும்பும் இடத்தின் நினைவக முகவரியைக் கண்டுகொள்ள வேண்டும். அங்கே இருக்கும் ஒரு பைட்டைப் படித்துத் தனியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இடத்தில் 204 என்ற எண்ணை எழுதிவிட வேண்டும். இன்டெல் வகைச் செயலிகளில் 204 என்பது நின்றுவிடு, மேலிடத்துக்குச் சொல் என்னும் பொருளுடைய தனி ஆணை. நிரல் ஓடி வந்து அந்த 204இன் மேல் கால் வைத்ததும் செயலி தடுக்கி நிற்கும். இயக்க முறைமை விழித்துக்கொண்டு நம் டீபக்கருக்குத் தகவல் அனுப்பும். அப்போது நாம் எல்லா எண்களையும் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பெட்டி வடத்தைப் பிடுங்கிய இடத்தில் நாம் ஓர் எண்ணை நடுகிறோம். அவர் நியான் விளக்கைப் படித்தார், நாம் திரையில் படிக்கிறோம். வேறுபாடு அவ்வளவே.

அந்த ஆணை ஏன் ஒரே ஒரு பைட் அளவில் இருக்கிறது? இவ்வகைச் செயலியில் மிகச் சிறிய ஆணை ஒரு பைட் நீளமே உள்ளது. நிறுத்தும் ஆணை இரண்டு பைட்டாக இருந்தால் பக்கத்து ஆணையின் தலையிலும் ஏறி அமர்ந்துவிடும். வேறு வழியாக அந்த அடுத்த ஆணைக்குத் தாவி வரும் நிரல் கெட்டுப்போகும். எனவேதான் அதை இத்தனை சிறிதாக அமைத்திருக்கிறார்கள்.

நிறுத்துவது எளிதாக முடிந்தது. மறுபடி ஓட்டுவதில்தான் என் சோதனை தொடங்கியது. குறித்து வைத்த பழைய பைட்டை அதன் இடத்தில் திரும்ப எழுதிவிட்டு, ஓடு என்று விட்டேன். நிரல் இரண்டடி கூட எடுத்து வைக்காமல் செத்து விழுந்தது. மறுபடி முயன்றேன், மறுபடி விழுந்தது. இரண்டு நாட்கள் இப்படியே கழிந்தன. வெட்கமாகவும் இருந்தது; அழுகையாகவும் வந்தது. மூன்றாம் நாள், நான் படித்த பெருமாட்டியின் வழி நினைவுக்கு வந்தது. ஊகிப்பதை விட்டுவிட்டு, நின்ற இடத்தில் செயலியின் சுட்டு எண் என்னவாக இருக்கிறது என்பதை மட்டும் திரையில் அச்சிடச் செய்தேன். நான் 204ஐ நட்ட முகவரியையும் பக்கத்தில் அச்சிட்டேன். இரண்டுக்கும் வேறுபாடு ஒன்று!

காரணம் இதுதான். செயலி 204 என்ற ஆணையை நிறைவேற்றிய பின்புதான் நிற்கிறது. ஆகவே அதன் சுட்டு எண் ஏற்கெனவே ஒரு பைட் முன்னே சென்றிருக்கும். பழைய ஆணையைத் திரும்ப வைத்தாலும், செயலி அதன் முதல் பைட்டைத் தாண்டி நடுவிலிருந்து படிக்கத் தொடங்கும். வாக்கியத்தின் முதலெழுத்தை விழுங்கிவிட்டுப் படித்தால் பொருள் கெடுவதைப் போல, ஆணையும் பொருள் கெட்டுவிடும். சுட்டு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு ஓட்டினேன். நிரல் ஒழுங்காக ஓடியது. அடுத்த சுற்றிலும் அது அதே இடத்தில் நிற்க வேண்டுமானால், பழைய ஆணை ஒன்றை மட்டும் ஒரே ஓர் அடியாக ஓட்டிவிட்டு, 204ஐ மீண்டும் நட்டுவிட வேண்டும் என்பதையும் பிறகு கற்றுக்கொண்டேன். 1946இல் ஒரு சுவிட்ச், ஓர் இடம். என் ஆய்வகத்தில் ஓர் எண், ஒன்று குறைவு. பெரிய பொறிகளைக் கவிழ்க்கும் பிழைகள் எத்தனை சிறியனவாக இருக்கின்றன! அவற்றைக் காண்பதற்கு மட்டும் நின்று பார்க்கும் பொறுமை வேண்டியிருக்கிறது.

பெட்டியின் வரலாற்றுக்குத் திரும்புவோம். மாக்லியும் எக்கர்ட்டும் தனி நிறுவனம் தொடங்கியபோது 1947இல் அவர் அதில் சேர்ந்தார். யூனிவாக் என்ற புகழ்பெற்ற கணிப்பொறியின் உருவாக்கத்தில் அவர் பங்கு பெரிது. அவர் வகுத்த சி-10 என்ற ஆணைத் தொகுப்பில், கூட்டலுக்கு ‘ஆட்’ என்ற சொல்லின் முதலெழுத்து, கொண்டுவருவதற்கு ‘பிரிங்’ என்ற சொல்லின் முதலெழுத்து என்று, மனிதர் நினைவில் வைக்கத்தக்க எழுத்துகளை ஆணைகளாக அமைத்தார். யூனிவாக்கின் விசைப்பலகையில் எண்களுக்குரிய விசைகளைத் தனியே பக்கத்தில் அமைத்ததிலும் அவருக்குப் பங்குண்டு. கறுப்பு நிறமாக இருக்கவிருந்த பொறியைச் சாம்பல் கலந்த வெளிர்நிறத்துக்கு மாற்றச் செய்தவரும் அவரே. வங்கியிலும் கடையிலும் நாம் இன்று காணும் விசைப்பலகையின் வலக்கோடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அவருடைய அறிவுத்திறத்தின் சிகரம் 1951ஆம் ஆண்டளவில் அவர் படைத்த வரிசைப்படுத்தும் நிரலாக்கி. சீட்டுக் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பிரித்தும் சேர்த்தும் அடுக்கிப் பார்த்தே அதன் முறையை வகுத்தாராம். தகவல் எந்த அமைப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டால், அதை வரிசைப்படுத்தும் நிரலைக் கணிப்பொறி தானே எழுதிக்கொடுக்கும். நிரலை எழுதும் நிரல்! பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற கிரேஸ் ஹாப்பர் அம்மையார், தமக்கு வழி காட்டிய முன்னோடிப் பணி இது என்று மனமாரப் பாராட்டியிருக்கிறார்.

1950இல் ஜான் ஹோல்பர்ட்டன் என்பவரை மணந்து, பெட்டி ஹோல்பர்ட்டன் ஆனார். இரு பெண் மக்களுக்குத் தாயானார். 1953இல் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் நிரலாக்கப் பிரிவின் பொறுப்பேற்றார். 1959இல் தொடங்கிய கோபால் மொழிக் குழுவில் உழைத்தார். 1966 முதல் 1983 வரை தேசியத் தர நிர்ணய அமைப்பில் பணியாற்றி, ஃபோர்ட்ரான் மொழியின் தரத்தை வகுப்பதில் பெரும்பங்கு ஆற்றினார். பிள்ளை வளர்ப்பது உனக்கு ஏற்றது என்று சொன்ன பேராசிரியர் இதைக் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ! அவர் பிள்ளைகளையும் வளர்த்தார். கணிப்பொறித் துறையையும் வளர்த்தார்.

இத்தனை செய்தும் உலகம் அவரை நெடுங்காலம் அறியவில்லை. 1980களில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவி கேத்தி கிளைமன், எனியாக்கின் பழைய புகைப்படங்களில் பெண்கள் நிற்பதைக் கண்டு, இவர்கள் யார் என்று விசாரித்தார். பொறியை அழகாகக் காட்டுவதற்காக நிறுத்தப்பட்ட விளம்பரப் பெண்கள் என்று அவருக்கு விடை கிடைத்தது. அவ்விடையை அவர் நம்பவில்லை. தேடிச் சென்று அப்பெண்களையே கண்டு உரையாடி உண்மையை வெளிக்கொணர்ந்தார். ஒரு மாணவியின் ஐயம் ஆறு பேருக்கு வரலாற்றில் இடம் வாங்கித் தந்தது. 1997இல் பெட்டி அம்மையாருக்குக் கணினி முன்னோடி விருதும் அடா லவ்லேஸ் விருதும் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது எண்பது. 2001 டிசம்பர் 8 அன்று மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில் நகரில், எண்பத்து நான்காம் வயதில் அவர் மறைந்தார்.

கட்டுரையை முடிக்குமுன் என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். முதல் பருவத் தேர்வில் இரண்டு தாள்களில் தோற்றேன். முடிவு வந்த அன்று தாய்மாமன் வீட்டுக்கு வந்து, இத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு நல்ல இடமாகப் பார்த்துவிடலாம் என்று பேசினார். அவர் என்மேல் அன்பில்லாதவர் அல்லர். கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தந்தவர்களில் அவரும் ஒருவர். அம்மா பதில் பேசாமல் காப்பி ஆற்றினார். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மனத்துக்குள் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் நான் பெட்டி ஹோல்பர்ட்டனின் வாழ்க்கையைப் படித்தேன். நிறுத்துவதில் இரண்டு வகை உண்டு என்பது அப்போது எனக்கு விளங்கியது. கைவிடுவதற்காக நிறுத்துவது ஒன்று; பழுதைக் கண்டு, சரிசெய்து, மறுபடி ஓட்டுவதற்காக நிறுத்துவது மற்றொன்று. என் தேர்வுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடம் வரை எனக்கு விளங்கியது, எந்த இடத்தில் விளங்காமல் போயிற்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாடம் விளங்கியே இருந்தது. ஆங்கிலத்தில் விடையைக் கோத்து எழுதும் இடத்தில்தான் இழை அறுந்திருந்தது. அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு மாமாவிடம் சென்று, பெண்ணுக்கு இன்னும் ஒரு வருடம் பொறுப்போம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு தாள்களில் ஒன்றில் தேறிவிட்டேன். மற்றதை வரும் பருவத்தில் எழுதவிருக்கிறேன். தேறுவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! தோல்வி என்பது பல வேளைகளில் ஓர் இழை அறுந்ததற்கான அடையாளமே. துணியைச் சுருட்டி எறிந்துவிடாதீர்கள். தறியை நிறுத்துங்கள், அறுந்த முனையைத் தேடுங்கள். அது ஒரு சுவிட்ச் அளவிலோ ஒரு பைட் அளவிலோ மிகச் சிறியதாக இருக்கலாம். முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வாழ்க பெட்டி ஹோல்பர்ட்டன் அம்மையாரின் புகழ்!